இரண்டாவது ஓட்டு

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "கடலைக் காப்பாற்ற வேண்டும் என்று ஒரு படம் போடுங்கள்" என்றால் என்ன போடுவார்கள்? அநேகமாக முதலில் ஓர் ஆமை வரும். அதன் வாயில் ஒரு பிளாஸ்டிக் பை இருக்கும். ஜெல்லி மீன் என்று எண்ணி ஆமை பையை விழுங்கிவிடுகிறது என்ற சமாசாரம் இன்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அடுத்தாற்போல் வலையில் சிக்கிய மீன். அதற்கும் அடுத்தது, காகிதத்தின் நடுவே கோடு கிழித்து ஒரு பாதி நீலம், மறு பாதி கறுப்பு. நூற்றுக்குத் தொண்ணூறு பிள்ளைகள் இந்த மூன்றில் ஒன்றைத்தான் போடுவார்கள். பாக்கிப் பத்துப் பேர் யாரும் எதிர்பாராத எதையாவது போட்டுவிட்டு, மற்றவர்கள் படத்தை எட்டிப் பார்த்து, 'நாம் தப்பாகப் போட்டுவிட்டோமோ' என்று பயந்துகொண்டிருப்பார்கள்.

இத்தகைய போட்டிகள் இப்போது உலகமெங்கும் நடக்கின்றன. 1992-ல் ரியோ டி ஜனிரோ மகாநாட்டில் பேச்சாக எழுந்து, 2008-ல் ஐக்கிய நாடுகள் சபையின் அங்கீகாரம் பெற்ற கடல் தினம் ஒன்று ஜூன் 8-ந் தேதி வருகிறது. அதை ஒட்டிச் சில போட்டிகள். அமெரிக்க அரசாங்கத்தின் கடல், வானிலை இலாகா கடற்குப்பையைப் பற்றிப் பிள்ளைகளை வரையச் சொல்லி, தேறிய படங்களைக் காலண்டராகவே அச்சிட்டிருக்கிறது. பல போட்டிகளில் நடுவர்கள் கொடுக்கும் பரிசு ஒன்று, 'மக்கள் பரிசு' என்று இன்னொன்று. இரண்டாவதற்கு ஊரார் ஓட்டுப் போடவேண்டும். யாருக்கு அதிக ஓட்டோ அவருக்குப் பரிசு.

இந்த ஓட்டு விவகாரம் கம்ப்யூட்டரோடு நேற்று வந்த புதுமை என்று நினைப்பவர்கள் உண்டு. இதற்கு வயது சுமார் இரண்டாயிரத்து நானூறு. இதைப் பற்றிய முதல் புகாருக்கும் ஏறக்குறைய அதே வயதுதான்.

புகார் செய்தவர் சாமானியர் அல்ல, பிளேட்டோ. தம் கடைசிக் காலத்தில் எழுதிய 'சட்டங்கள்' என்ற நூலில் அவர் வயிற்றெரிச்சலைக் கொட்டியிருக்கிறார். சிசிலியிலும் இத்தாலியிலும் ஒரு வழக்கம் இருந்ததாம். நாடகப் போட்டி முடிந்ததும் கொட்டகையில் இருக்கும் ஜனங்கள் கையைத் தூக்குவார்கள். அதிகக் கை யாருக்கோ அவருக்கே வெற்றி. இதனால் கவிகளும் கெட்டார்கள், ரசிகர்களும் கெட்டார்கள் என்பது பிளேட்டோவின் கட்சி. ரசிகர்களை உயர்த்த வேண்டிய கவி, அவர்களிடம் பாடம் கேட்கும் மாணவனாகிவிடுகிறானாம்.

அதே இடத்தில் ஒரு வேடிக்கையான கணக்கும் போடுகிறார். "யார் ஜனங்களை அதிகமாக மகிழ்விக்கிறார்களோ அவர்களுக்குப் பரிசு" என்று பொத்தாம்பொதுவாகத் தண்டோராப் போட்டால் என்ன ஆகும்? சின்னஞ்சிறு குழந்தைகள் பொம்மலாட்டக்காரனுக்குக் கை தூக்குவார்கள். சற்று வளர்ந்த பையன்கள் ஹாஸ்ய நாடகத்துக்கு. படித்த ஸ்திரீகளும் வாலிபர்களும் சோக நாடகத்துக்கு. கிழவர்களோ ஹோமரின் காவியத்தை ஒருவர் உட்கார்ந்து வாசித்தாலே போதும் என்பார்கள். யார் சொல்வது சரி? கிழவர்கள் சொல்வதுதான் சரி என்று கிழவரான பிளேட்டோ தீர்ப்பளித்துவிடுகிறார். இதில் நமக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை.

பிளேட்டோவின் சொந்த ஊரான ஆதென்ஸில் ஏற்பாடு வேறு. அங்கே ஜனங்களை நம்பவில்லை; நடுவர்களையும் நம்பவில்லை. ஊரில் பத்துக் குலங்கள். குலத்துக்கு ஒரு ஜாடியாகப் பத்து ஜாடிகளில் பெயர்களைப் போட்டு முத்திரை வைத்து, கோட்டை மேல் கொண்டுபோய்ப் பத்திரப்படுத்துவார்கள். போட்டியன்று ஜாடிக்கு ஒரு பெயராக எடுத்தால் பத்து நடுவர்கள். அவர்கள் சத்தியம் செய்து உட்கார்ந்து, எல்லா நாடகங்களையும் பார்த்து, தங்கள் முடிவைப் பலகையில் எழுதிப் போடுவார்கள். அந்தப் பத்துப் பலகைகளிலும் ஐந்தை மட்டும் எடுத்து எண்ணுவார்கள். எவனுக்கு லஞ்சம் கொடுப்பது என்று லஞ்சம் கொடுப்பவனுக்கே தெரியக்கூடாது என்பதுதான் இதன் சூட்சுமம்.

இத்தனை ஜாடி, முத்திரை, சத்தியம் எல்லாம் இருந்தும் கி.மு. 431-ல் யூரிப்பிடிஸ் எழுதிய 'மெடியா' மூன்று பேர் போட்டியில் மூன்றாவதாக வந்தது. இன்றும் உலகமெங்கும் நடிக்கப்படும் நாடகம் அது. அன்று முதல் பரிசு வாங்கிய நாடகங்களில் ஒன்றுகூட நமக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, ஓட்டை ஒழித்து நடுவர்களை வைத்துவிட்டால் நியாயம் வந்துவிடும் என்று யாராவது சொன்னால், அவர்களுக்கு இந்த மெடியாவை ஞாபகப்படுத்துங்கள்.

ஜனங்களிடம் ஓட்டு வாங்கிச் சித்திரத்துக்குப் பரிசு கொடுத்த கதைகளில் எனக்கு மிகவும் பிடித்தது வெனிஸ் நகரத்துக் கதை. 1895-ல் அங்கே முதன்முதலாக ஒரு சர்வதேசச் சித்திரக் கண்காட்சி நடந்தது. உம்பர்ட்டோ மன்னரும் மார்கெரிட்டா ராணியும் வந்து திறந்து வைத்தார்கள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை இன்றளவும் நடந்துவரும் பிரசித்தி பெற்ற கண்காட்சியின் பிள்ளையார் சுழி அது. டூரின் நகரத்திலிருந்து ஜாக்கமோ குரோஸ்ஸோ என்ற ஓவியர் ஒரு பெரிய படம் அனுப்பியிருந்தார். ஒரு சவப்பெட்டி, அதில் பெண் பித்தனாக வாழ்ந்து செத்துப்போன ஒருவன், அந்தப் பெட்டியைச் சுற்றி ஐந்து பெண்கள், பிறந்த மேனியாக. இடமோ மாதா கோயில் போன்ற ஒரு மண்டபம்.

வெனிஸ் நகரத்துக் கார்டினலாக இருந்தவர் சார்ட்டோ. பிற்பாடு 1903-ல் பத்தாம் பயஸ் என்ற பெயரில் போப்பாண்டவராகவே ஆனவர். அவர் நகரசபைத் தலைவருக்குக் கடிதம் எழுதி, அந்தப் படத்தை மாட்டக்கூடாது என்று கேட்டுக்கொண்டார். நகரசபைக்குத் தர்மசங்கடம். நாவலாசிரியர் போகட்ஸாரோவின் தலைமையில் இலக்கியக்காரர்கள் கமிட்டி ஒன்று கூடியது. (சங்கடமான முடிவு எதுவானாலும் எழுத்தாளன் தலையில் கட்டிவிடுவது அந்தக் காலத்திலேயே இருந்திருக்கிறது.) படத்தினால் பொதுஜன ஒழுக்கத்துக்குக் கேடு இல்லை என்று கமிட்டி சொல்லிவிட்டது. ஆனாலும் ஜாக்கிரதையாகத் தனி அறையில் கொண்டுபோய் மாட்டினார்கள்.

தனி அறை என்றதும் கூட்டம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கும் என்று நான் சொல்லவேண்டுமா? அந்த ஆண்டு கண்காட்சிக்கு வந்தவர்கள் 2,24,000 பேருக்கு மேல். நடுவர்கள் மிக்கெட்டி என்பவரின் 'யோரியோவின் மகள்' என்ற படத்தைத் தேர்ந்தெடுத்துப் பரிசளித்தார்கள். கடைசியில் பார்வையாளர்களிடம் ஓட்டு வாங்கியபோது குரோஸ்ஸோவின் சவப்பெட்டிப் படம் மக்கள் பரிசைத் தட்டிக்கொண்டு போய்விட்டது. அப்புறம் அதை அமெரிக்காவில் ஊர் ஊராகக் காட்டிப் பணம் பண்ணலாம் என்று ஒரு கம்பெனி வாங்கியது. படம் தீயில் எரிந்துபோயிற்று. மிக்கெட்டியின் படம் இத்தாலியில் பெஸ்காரா நகரத்தில் இன்னும் இருக்கிறது.

இந்தக் கதையைக் கேட்டால் பிளேட்டோ, "நான் அப்போதே சொன்னேனே!" என்பார். ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வெனிஸில் ஓட்டுப் போட்டவன் டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போய், படத்தின் எதிரே நின்றவன். சிசிலியில் கை தூக்கியவனும் நாடகம் முழுவதும் உட்கார்ந்து பார்த்தவன். ரசனை எப்படியோ போகட்டும், பார்த்துவிட்டுத்தான் ஓட்டுப் போட்டார்கள். இன்று அந்த ஒரு நிபந்தனையும் இல்லை.

கொஞ்ச நாளைக்கு முன்பு தூரத்து உறவுக்காரத் தம்பி ஒருவரிடமிருந்து எனக்கு வாட்ஸப்பில் ஒரு செய்தி வந்தது. அவர் பெண் ஏதோ ஒரு கடல் ஓவியப் போட்டியில் கலந்துகொண்டிருக்கிறாள். படத்தின் எண் 48. எங்கே தட்டவேண்டும், எந்தத் தேதிக்குள் தட்டவேண்டும், வீட்டில் எத்தனை போன் உண்டோ அத்தனையிலும் எப்படித் தட்டவேண்டும், இன்னும் பத்துப் பேருக்கு இதை எப்படி அனுப்பவேண்டும் என்றெல்லாம் விவரமாக இருந்தது. என்ன படம் என்பது மட்டும் இல்லை. போன் பண்ணிக் கேட்டேன்.

"ஏதோ மீன் என்று நினைக்கிறேன், அண்ணா. நீங்கள் ஓட்டைப் போட்டுவிடுங்கள்" என்றார்.

பின்னாலிருந்து குழந்தையின் குரல் கேட்டது: "மீன் இல்லை பெரியப்பா! திமிங்கலத்தோட கண்ணு. அந்தக் கண்ணுக்குள்ளே ஒரு கப்பல் தெரியும்."

எனக்கு ஒரு நிமிஷம் பேச்சு வரவில்லை. திமிங்கலத்தை நாம் பார்க்கிற படம் ஆயிரம் உண்டு; திமிங்கலம் நம்மைப் பார்க்கிற படம் அது. அப்பன் அதைப் பார்க்கவே இல்லை. ஆனால் ஓட்டு மட்டும் இருநூறைத் தாண்டிவிட்டதாம். "இருநூறு பேருக்கு என் படம் பிடிச்சிருக்கு, பெரியப்பா" என்றாள் அந்தப் பெண். அவளிடம் நான் என்ன சொல்ல? அதே போட்டியில், உறவுக்காரர் அதிகம் இல்லாத வீட்டிலிருந்து ஒரு பிள்ளை ஒன்பது ஓட்டு வாங்கியிருக்கும். அதுவும் இதே கணக்கைத்தானே போட்டுப் பார்க்கும்? தன் படம் ஒன்பது பேருக்குத்தான் பிடித்திருக்கிறது என்று முடிவு கட்டிக்கொண்டு வர்ணப் பெட்டியை மூடி வைத்தாலும் வைத்துவிடும்.

அப்படியானால் ஓட்டே வேண்டாம் என்று சொல்லிவிடலாமா? கடல் விஷயத்தில் அப்படிச் சட்டென்று சொல்ல முடியவில்லை. அழகான படத்தைத் தேர்ந்தெடுக்க ஐந்து நடுவர்கள் போதும். கடலைக் காப்பாற்ற ஐந்து பேர் போதாது. அதற்குக் கூட்டம் வேண்டும். கூட்டத்தைச் சேர்ப்பதற்கு ஓட்டைப் போல் சுலபமான சாதனம் வேறு இல்லை.

2007-ல் நடந்ததைப் பாருங்கள். அந்தப் பருவத்தில் தென்துருவக் கடலில் 50 கூன்முதுகுத் திமிங்கலங்களைப் பிடிக்கப்போவதாக ஜப்பான் அறிவித்திருந்தது. கிரீன்பீஸ் என்ற சுற்றுச்சூழல் சங்கத்தார் அதை எதிர்த்துப் பிரசாரம் செய்தார்கள். பசிபிக் சமுத்திரத்தில் ஒரு திமிங்கலத்தின் போக்கைச் செயற்கைக்கோள் வழியாகப் பின்தொடர்ந்தபோது, அதற்குப் பெயர் சூட்டும்படி ஜனங்களிடம் ஓட்டுக் கேட்டார்கள். 'கைமானா' போன்ற கம்பீரமான பெயர்கள் பட்டியலில் இருந்தன. அவற்றோடு விளையாட்டாக 'மிஸ்டர் ஸ்ப்ளாஷி பேண்ட்ஸ்' என்ற ஒன்றும் இருந்தது. 'தண்ணீர் தெறிக்கும் கால்சராய்க்காரர்' என்று வைத்துக்கொள்ளலாம். பதிவான ஓட்டு ஒன்றரை லட்சத்துக்கு மேல். அதில் நூற்றுக்கு 78 கால்சராய்க்காரருக்கே விழுந்தது. சங்கத்தார் முதலில் முகம் சுளித்தார்கள். ஒரு வாரம் கெடுவை நீட்டிக்கூடப் பார்த்தார்கள். ஓட்டு இன்னும் ஏறிற்று. கடைசியில் அவர்களும் சிரித்துக்கொண்டு அந்தப் பெயரையே வைத்தார்கள். அதே டிசம்பரில் ஜப்பான் கூன்முதுகுத் திமிங்கல வேட்டையை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் கொடுத்த நெருக்கடிதான் அதற்கு முக்கிய காரணம் என்றாலும், பெயர் தெரியாத ஒரு திமிங்கலத்தைப் பற்றி லட்சக்கணக்கான பேர் வீட்டிலும் ஆபீஸிலும் பேசிக்கொண்டிருந்தார்கள் என்பது சின்ன விஷயம் அல்ல.

இங்கிலாந்துக்காரர்கள் இதிலிருந்து பாடம் கற்றிருக்க வேண்டும். 2016-ல் அவர்களுடைய இயற்கைச் சூழல் ஆராய்ச்சிக் கவுன்சில், 20 கோடி பவுன் செலவில் கட்டும் துருவக் கப்பலுக்குப் பெயர் சொல்லுங்கள் என்று ஜனங்களைக் கேட்டது. முன்னாள் ரேடியோ அறிவிப்பாளர் ஒருவர் வேடிக்கையாக 'போட்டி மெக்போட்ஃபேஸ்' என்று எழுதிப் போட்டார். படகு மூஞ்சிப் படகு என்பது போன்ற ஒரு குழந்தைப் பேச்சு. (அந்தப் பெயரைத் தமிழில் எழுதினால் 'போட்டி' என்றே வந்து விழுகிறது, இதற்கு நான் பொறுப்பல்ல.) 1,24,109 ஓட்டுடன் அது முதலில் வந்தது. மந்திரி அதை ஒப்புக்கொள்ளவில்லை. கப்பலுக்கு இயற்கை வரலாற்றுப் படங்களால் உலகப் புகழ் பெற்ற டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டிவிட்டு, ஆறுதலாக ஆளில்லாத சிறு நீர்மூழ்கிக்கு 'போட்டி'யின் பெயரைக் கொடுத்தார்கள். 2017-ல் அந்த நீர்மூழ்கி தென்துருவக் கடலுக்குப் போய், 4,000 மீட்டர் ஆழம் வரையில் இறங்கி, கடலடி மலைகளுக்கிடையே 180 கிலோமீட்டர் திரிந்து, நீரின் சூட்டையும் உப்பையும் கொந்தளிப்பையும் அளந்துகொண்டு வந்தது. மேலே காற்று வலுக்க வலுக்க அடியிலுள்ள குளிர்ந்த நீரோடு வெதுவெதுப்பான நீர் கலக்கிறது. கடல் மட்டம் உயர்வதற்கு அதுவும் ஒரு காரணம் என்று 2019-ல் விஞ்ஞானிகள் வெளியிட்டார்கள். அந்தச் செய்தியை ஜனங்கள் படித்தது போட்டியின் பெயருக்காகத்தான் என்று நான் சத்தியம் செய்வேன்.

ஆனால் இவை இரண்டும் பெயருக்குப் போட்ட ஓட்டு. படத்துக்குப் போடும் ஓட்டில் பிளேட்டோவுக்குப் பதில் சொல்லக்கூடிய கதை அமெரிக்காவில் மிச்சிகன் மாகாணத்தில், கிராண்ட் ராப்பிட்ஸ் என்ற ஊரில் இருக்கிறது. 2009-ல் அங்கே ஒரு பெரிய சித்திரப் போட்டி ஆரம்பித்தார்கள். நடுவரே கிடையாது. ஊர் முழுவதும் கடைகளிலும் ஹோட்டல்களிலும் பாலத்தின் மேலும் 1,262 கலைஞர்களின் படைப்புகள். முதல் பரிசு இரண்டரை லட்சம் டாலர், ஜனங்களின் ஓட்டுக்கே. ஓட்டுப் போடுவது போனிலோ கம்ப்யூட்டரிலோ இருக்கலாம். ஆனால் முதலில் அந்த ஊருக்கு நேரில் வந்து பெயரைப் பதிந்துகொள்ள வேண்டும். வீட்டிலிருந்தபடியே மாமா பெரியப்பாவெல்லாம் தட்டிவிட முடியாது.

பிரம்மாண்டமான மேஜை நாற்காலி, ஆற்றில் மிதக்கும் பூதம் என்று பொம்மலாட்டத்துக்குக் குறைவில்லை. வென்றது எது தெரியுமா? ரான் ஆர்ட்னர் என்பவர் தீட்டிய கடல். ஏறக்குறைய 19 அடி அகலத்தில் எண்ணெய் வர்ணத்தில் அலை, அலை, அலை மட்டுமே. கரை இல்லை, கப்பல் இல்லை, மனிதன் இல்லை. ஆமையும் பையும் இல்லை. 'காப்பாற்றுங்கள்' என்ற வாசகம் இல்லை. எந்தச் சமுத்திரத்துக்கும் பல நூறு மைல் உள்ளே இருக்கிற ஊரின் ஜனங்கள் அந்தத் தண்ணீருக்கு முன்னால் போய்ப் போய் நின்று, கடைசியில் அதற்கே ஓட்டுப் போட்டார்கள்.

எல்லா வருஷமும் இப்படி அமையவில்லை. பெரியது, வேடிக்கையானது, உள்ளூர்க்காரர் செய்தது என்றெல்லாம் ஓட்டுப் போகிறது என்று புகார்கள் எழுந்தன. 2012-ல் நடுவர் பரிசு ஒன்றையும் சேர்த்தார்கள்; 2014-ல் இரண்டு பரிசையும் தலைக்கு இரண்டு லட்சம் டாலர் என்று சமமாக்கினார்கள். அந்த வருஷமே ஜனங்களின் பரிசை வாங்கியவர் நடுவர் பரிசிலும் பங்கு பெற்றார். பாகிஸ்தானில் பிறந்த அனிலா கய்யூம் ஆகா என்ற அந்த அம்மாள் செய்தது, நான்கு பக்கமும் பூவேலையாகக் குடைந்த ஒரு மரப்பெட்டி. உள்ளே ஒரே ஒரு விளக்கு. அறை முழுவதும் நிழல் கோலம்.

பிள்ளைகளின் கடல் போட்டிக்கு ஓட்டு வைக்கிறவர்களுக்கு நான் சொல்லக்கூடிய யோசனை இதிலிருந்தே பாதி வந்துவிடுகிறது. படங்களைப் பள்ளிக்கூடத்துச் சுவரிலோ நூல் நிலையத்திலோ மாட்டுங்கள். பெயரை மூடி வையுங்கள். வந்து பார்க்கிறவர் கையில் ஒரு சீட்டைக் கொடுங்கள். வருகிறவர்கள் குறைவாக இருக்கலாம். ஒன்பது பேர் வந்து நின்று பார்த்தாலும், அந்த ஒன்பதுக்கு ஓர் அர்த்தம் உண்டு.

மறு பாதி யோசனை என்னுடையதல்ல, ரோமாபுரிக் கப்பற்படைத் தளபதியாக இருந்த பிளினி எழுதி வைத்தது. எபிசஸ் நகரத்துக் கோயிலுக்காகப் பெரிய சிற்பிகள் பலர் ஆளுக்கொரு அமேசான் வீராங்கனையின் சிலை செய்தார்களாம். எது சிறந்தது என்று அந்தச் சிற்பிகளிடமே ஓட்டுக் கேட்டார்கள். ஒவ்வொருவரும் தம் சிலையையே முதலாவதாகச் சொன்னார்கள். இதில் தப்பு என்ன? தகப்பனார் தம் பெண்ணின் படத்துக்குப் போடுவதைப் போலத்தான். ஆனால் தமக்கு அடுத்தபடியாக யார் என்பதையும் எண்ணிப் பார்த்தபோது, எல்லோரும் பாலிகிளிடஸ் சிலையையே சொல்லியிருந்தார்களாம். பரிசு அவருக்குப் போயிற்று. பெயர் பெற்ற பீடியஸ் இரண்டாவதாக நின்றார். நம் சீட்டிலும் இரண்டு கட்டம் போடலாம். முதல் கட்டத்தில் சொந்தப் பிள்ளையின் எண்ணைத் தாராளமாக எழுதிக்கொள்ளட்டும். எண்ணுகிறவர்கள் இரண்டாவது கட்டத்தை மட்டும் எண்ணட்டும். அதை நிரப்புவதற்காகவாவது தகப்பனார் மற்றப் பிள்ளைகளின் படங்களைப் பார்த்தாக வேண்டும்.

இதே கணக்கு, கடல் தேவனுக்கு முன்னாலேயே ஒரு தடவை நடந்திருக்கிறது. கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகர்களை முறியடித்தபின், கிரேக்கத் தளபதிகள் கொரிந்து பூசந்தியில் கூடினார்கள். போரில் முதல் பரிசு யாருக்கு என்று கடல் தேவனான பொசைடனின் பலிபீடத்தில் ஓட்டுச் சீட்டுகளை வைத்தார்கள். எடுத்துப் பார்த்தால் ஒவ்வொரு தளபதியும் முதல் இடத்தைத் தமக்கே எழுதிக்கொண்டிருந்தார். இரண்டாம் இடத்தைப் பெரும்பாலோர் தெமிஸ்டாக்ளிஸுக்கு எழுதியிருந்தார்கள். பொறாமையினால் பரிசை யாருக்கும் கொடுக்காமலே அவரவர் கப்பலேறி ஊர் திரும்பிவிட்டார்கள் என்று ஹெரடோட்டஸ் எழுதுகிறார். பிறகு தெமிஸ்டாக்ளிஸ் ஸ்பார்ட்டாவுக்குப் போனார். அவர்கள் அவருடைய தலையில் ஆலிவ் இலைக் கிரீடம் வைத்து, ஊரிலேயே சிறந்த ரதம் ஒன்றைக் கொடுத்து, முந்நூறு வீரர்களைத் துணைக்கு அனுப்பி எல்லை வரையில் வழியனுப்பி வைத்தார்கள்.